செவிலி படித்த பொட்டு

சுடர்மதியின் வயிற்றில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. குளிரூட்டியைப் போட்டுப் பார்த்தாயிற்று, தலையணையை மாற்றிப் பார்த்தாயிற்று, ஒருக்களித்துப் படுத்தும் பார்த்தாயிற்று. வலி குறையவில்லை, பச்சையும் மாறவில்லை.

"ஏங்க, உள்ள யாரோ திரி பொருத்துன மாதிரி எரியிதுங்க" என்றாள்.

இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். தொப்புளுக்குக் கீழே, ஆபரேஷன் தையலை மூடி ஒட்டியிருந்த காப்புத்தோலின் விளிம்பு, பயிர்ப்பச்சையாக, நிம்மதியாக ஒளிர்ந்தது. பச்சை என்றால் புண் ஆறுகிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால்தான் பயப்பட வேண்டும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பச்சைக்கும் சிவப்புக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த ஆட்களில் அவனும் ஒருத்தன்.

"பச்சைதான் எரியிது. ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றான். அதைத்தான் நேற்றும் சொன்னான்.

காப்புத்தோல் வந்தபின் சிசேரியன் புண்ணில் சீழ் வைப்பது என்பதையே ஊர் மறந்துவிட்டது. கண்ணாடிபோல் மெல்லிய சவ்வு அது. காற்று போகும், நீர் போகாது, வாடைகூட வெளியே வராது. சவ்வுக்குள்ளேயே மருந்து பதுங்கியிருக்கும். காலையும் மாலையும் பார்வைக்கோல் என்ற சின்னக் குச்சியை அதன்மேல் ஒரு தடவை ஓட்டினால் புண்ணின் படம் செவிலிக்குப் போகும். செவிலி என்பது ஆள் இல்லை, யோசிக்கிற இயந்திரம். எங்கோ ஒரு குளிர்ந்த கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, நாட்டிலுள்ள அத்தனை பிள்ளை பெற்றவர்களின் வயிற்றையும் அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்வாள். எந்தப் புண்ணுக்கு எவ்வளவு மருந்து கசிய வேண்டும், யாரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. பெற்றவளை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புண்ணைப் பிரித்துப் பார்க்கும் வேலையே டாக்டர்களுக்கு இல்லாமல் போயிற்று.

செவிலிக்குப் புண் என்றால் என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தது? மேலக்கரைப் பகுப்புக்கூடத்து ஆட்கள்தான். மலையடிவாரத்தில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸைப் புதுப்பித்து, வரிசையாகத் திரைகளைப் போட்டு, உள்ளூர் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். திரையில் புண் படம் வரும். இது ஆறுகிறது, இது கவனம், இது அபாயம் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். இசக்கிராஜா அங்கே மேற்பார்வையாளன்.

அந்தப் படங்களில் ஒரு வேடிக்கை இருந்தது. பல காப்புத்தோல்களின்மேல் கருப்பாக ஒரு புள்ளி. அதை என்ன செய்வதென்று தெரியாமல் செவிலி திணறினாள். தலைநகரத்து இன்ஜினியர்கள் ஆளுக்கொரு பக்கம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். பூஞ்சணமா, சவ்வு கருகுகிறதா, தயாரிப்பில் கோளாறா என்று ஒரே அமளி. கடைசியில் மேலக்கரைக்குப் படத்தை அனுப்பிக் கேட்டார்கள். கூடமே சிரித்தது.

திருஷ்டிப் பொட்டு, ஐயா. பிள்ளை கன்னத்தில் வைக்கிற அதே மைப்பொட்டு. பச்சைப் பசேலென்று வயிறு எரிந்தால் வந்து பார்க்கிறவள் சும்மா இருப்பாளா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் காப்புத்தோலுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். இசக்கிராஜாதான் இன்ஜினியர்களுக்கு விளக்கிச் சொன்னான். அன்றிலிருந்து கருப்பு வந்தால் 'பொட்டு' என்று தட்ட ஒரு பொத்தானும் வந்தது. அதை லட்சக்கணக்கான தடவை தட்டித் தட்டி அவர்கள் விரல் தேய்ந்தது.

செவிலி கெட்டிக்காரி. பொட்டு வைத்த வயிறெல்லாம் சீக்கிரம் ஆறுவதை அவளாகவே கண்டுகொண்டாள். ஆறத்தானே செய்யும்? பொட்டு வைக்க ஒருத்தி இருக்கிற வீட்டில் வேளைக்குச் சோறு ஊட்டவும், துணி மாற்றவும், தினம் குனிந்து பார்க்கவும் ஒருத்தி இருக்கிறாள். செவிலிக்கு அதெல்லாம் தெரியுமா, பாவம். அவளுக்குத் தெரிந்தது கருப்பு, கருப்புக்குப் பின்னால் நல்ல புண். ஆகவே கருப்பைக் கண்டால் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

சுடர்மதிக்குத் தாயில்லை. பேறு பார்க்க வந்திருந்தவள் அவளுடைய சித்தி முப்புடாதி. அடுப்படியும் பிள்ளையுமாக ஓடிக்கொண்டிருந்தவள், மருமகன் அசைந்துகொடுக்காததைக் கண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பிள்ளை பால் குடிக்க அழுகிறது, இவள் எடுக்கக்கூட மாட்டேன் என்கிறாள், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பேசினால் என்ன என்று கேட்டாள்.

அவன் காலையிலேயே பேசியிருந்தான். பால் கட்டிக்கொண்டால் காய்ச்சல் வரும், கவலை வேண்டாம் என்று பதில் வந்திருந்தது. மேலக்கரை மகப்பேறு மனையில் ஒரு சட்டம் உண்டு. சிவக்காமல் வரக்கூடாது. பயந்துபோய் வருகிறவர்களால் வாசல் அடைபடுகிறது என்று போட்ட சட்டம். அதுவும் நல்ல சட்டம்தான், அடுத்தவன் பெண்டாட்டிக்கு என்றால். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அவன் மறுபடி பார்வைக்கோலை எடுத்து சவ்வின்மேல் ஓட்டினான். கோல் நிழல் பட்டதற்கே சுடர்மதி முகத்தைச் சுளித்துப் பல்லைக் கடித்தாள். சுவர்த்திரையில் படம் விரிந்தது. தையல் கோடு. கோட்டின் இடது ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு. அதற்குப் பக்கத்தில் செவிலி எழுதியிருந்தாள்: பொட்டு. ஐயமில்லை. ஆறுகிறது.

"பாத்தீங்களா சித்தி, பொட்டையும் சேத்துப் படிச்சுட்டா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க கொஞ்சம் பெருசா வச்சுட்டீங்க, முந்தாநாள் இவ்வளவு இல்ல."

முப்புடாதி திரையைப் பார்த்தாள். சுடர்மதியின் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நான் எங்க மாப்ள பொட்டு வச்சேன்? பிள்ளைக்குத்தான் வச்சேன். இவ கிட்டக் கை கொண்டு போனாலே கத்துதாளே. எங்கன வைக்க?"

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். நாலு நாளாகப் பார்க்கிறான். நாலு நாளும் அந்தக் கருப்பைப் பார்த்துப் பொட்டு என்றுதான் நினைத்தான். இயந்திரத்துக்கு அவன் பழக்கிய பழக்கம் அவனுக்கே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, கண்ணைச் சவ்வோடு வைத்துப் பார்த்தான். கருப்பு சவ்வின்மேல் இல்லை. சவ்வுக்கு அடியில், தோலில் இருந்தது. அதைச் சுற்றி ஊதாவாக ஒரு வளையம் வேறு.

சதை செத்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி தன் கண்முன்னே அழுகுகிறாள், இவன் பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

மனைக்குப் பேசினான். இந்த முறை அங்கே வேலை பார்க்கும் டாக்டர் பியூலா திரையில் வந்தாள். இளம் டாக்டர். மரியாதையாகத்தான் பேசினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது பொட்டுதான் என்று செவிலி உறுதியாகச் சொல்கிறாளே என்றாள். வீட்டில் யாரும் பொட்டு வைக்கவில்லை என்று அவன் கத்தினான். வந்துபோன உறவுக்காரர்கள் யாராவது வைத்திருக்கலாம் என்றாள். அவள்மேல் தப்பில்லை. படிப்பு முடித்து வந்த நாளிலிருந்து ஒரு சீழ்ப்பிடித்த தையலைக்கூட அவள் நேரில் கண்டதில்லை. காப்புத்தோல் காணவிட்டதில்லை.

"இது பொட்டு மாதிரியேதான் இருக்கு, அண்ணே. பொட்டு எப்படி இருக்கும்னு பாடம் சொன்னது உங்க கூடம்தானே?"

திரை அணைந்தது. சுடர்மதி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். நான் செத்துப்போவேனா என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லை என்றான்.

தனிவண்டி பிடித்துக் கொண்டுபோனால் வாசலிலேயே பச்சையைப் பார்த்துத் திருப்பி விடுவார்கள். வேறு ஊர் போகலாம் என்றால் எல்லா ஊரிலும் இதே செவிலி, இதே சட்டம். வயிறு சிவக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி.

மேற்பார்வையாளர்களுக்கு ஓர் அதிகாரம் உண்டு. புதுசாக ஏதாவது கிருமி தலைகாட்டினால், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் செவிலிக்கு 'அவசரப் பாடம்' அனுப்பலாம். ஒருவன் சொன்னால் போதும், அவள் அப்போதே கற்றுக்கொண்டு எல்லாக் காப்புத்தோல்களுக்கும் சொல்லிவிடுவாள். வெள்ளம் வந்தால் மதகைத் திறக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. இசக்கிராஜா அதை ஒரு நாளும் தொட்டதில்லை.

இப்போது தொட்டான். சுடர்மதியின் படத்தைக் காட்டி, கருப்பைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, பாடத்தைச் சொன்னான்: இது பொட்டு அல்ல. கருப்பு என்றால் அழுகல். உடனே வெட்டி எடுக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுடர்மதியின் வயிற்றில் பச்சை துடித்தது, மங்கியது, குங்குமச் சிவப்பாக எரிந்தது. முப்புடாதி கையெடுத்துக் கும்பிட்டாள். இசக்கிராஜா அழுதான். சிவப்பைப் பார்த்து சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். சிவப்பைக் கண்டு மனையின் வண்டி தானாகவே வாசலில் வந்து நின்றது.

போகும் வழியில்தான் கவனித்தான். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வண்டி, மடத்துத் தெருவிலிருந்து ஒரு வண்டி, ரயில்வே கேட்டில் இரண்டு. எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு. என்னடா இது, ஊரில் ஒரே நாளில் இத்தனை பேருக்கா என்று நினைத்தான். மனை வாசலை அடைந்தபோதுதான் தான் செய்த காரியம் மண்டையில் உறைத்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. மாவட்டம் முழுக்கப் பொட்டு வைத்த, பிள்ளை பெற்ற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். தள்ளுகட்டிலில், நாற்காலியில், தரையில் விரித்த சேலையில், எங்கே பார்த்தாலும் சிவந்த வயிறு. பாதிப் பேர் காலையில் இட்லி தின்றுவிட்டு நன்றாகக் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள். இப்போது வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டு அலறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதன. ஆபரேஷன் அறை ஒன்று. டாக்டர்கள் மூன்று பேர், மூவரும் பியூலா வயசுக்காரர்கள்.

வரிசையைச் செவிலி போட்டாள். அவளுக்குத் தெரிந்த கணக்குப்படிதான் போட்டாள். கருப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து. பாசக்காரச் சித்திகளும் மாமியார்களும் எட்டணா அகலத்துக்கு அப்பிவைத்த வயிறுகள் முன்னால் போயின. புளியங்கொட்டை அளவு கருப்புக்காரி சுடர்மதி, வாகன நிறுத்தம்வரை நீண்ட வரிசையின் கோடியில் கிடந்தாள். அவள் உதடு வெளுத்துவிட்டது. கூப்பிட்டால் முனகுகிறாள், கண் திறப்பதில்லை.

அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பியூலாவிடம் போனான். முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை, வெறும் மை, என் பெண்டாட்டியைப் பாருங்கள் என்றான். அவள் கண் கலங்கியிருந்தது. எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள் அண்ணே, யாருடையது மை, யாருடையது சதை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள். சவ்வு கண்ணாடிமாதிரி இருந்தாலும், சிவப்பு எரியும்போது மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் நல்ல புண்ணும் கெட்டுப்போகும். அவள் சொன்னதெல்லாம் நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்.

முதல் கட்டிலில் கிடந்த பெண்ணின் வயிற்றை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். மை போகவில்லை, இழுபட்டு இன்னும் பெரிதாயிற்று. அவள் மாமியார் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"மை தண்ணிக்குப் போகுமா? அறிவிருக்கா உனக்கு? எண்ணெ தொட்டுத் துடைக்கணும்" என்றாள், வைதவாக்கில்.

யார் பையில் எண்ணெய் இல்லை? பிள்ளை உச்சிக்கு வைக்க எல்லாரும் தேங்காயெண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். மாமியாரே ஒரு பஞ்சில் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். கருப்பு பஞ்சோடு வந்துவிட்டது. பியூலா பார்வைக்கோலை ஓட்டினாள். வயிறு பச்சையானது.

டாக்டரும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்திகளும் அத்தைகளும் சேலைத் தலைப்பை எண்ணெயில் நனைத்துக்கொண்டு ஆளுக்கொரு வயிற்றில் குனிந்தார்கள். துடைக்கத் துடைக்க டாக்டர்கள் கோலை ஓட்ட, வரிசை நெடுகப் பச்சை ஏறிக்கொண்டே போனது. பச்சையானவர்கள் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் பொட்டு வைத்தவளை அங்கேயே வைதார்கள். இசக்கிராஜா சிரிக்கவில்லை. பின்னாலிருந்து முப்புடாதி சுடர்மதியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டே வந்தாள், இடித்துக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும்.

கடைசியில் எத்தனை எண்ணெய் தொட்டாலும் போகாத கருப்பு மூன்று பேரிடம் இருந்தது. சுடர்மதி ஒருத்தி. மற்ற இருவரும் அன்று காலைவரை பச்சை எரிந்தவர்கள், அவர்களுக்கும் பால்காய்ச்சல் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது.

பியூலா சுடர்மதியின் காப்புத்தோலைப் பிரித்தாள். அத்தனை நாளும் சவ்வுக்குள் அடைபட்டிருந்த வாடை குப்பென்று கிளம்பியது. பியூலா ஓர் அடி பின்வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கட்டிலைத் தானே உள்ளே தள்ளினாள்.

கதவுக்கு வெளியே அவன் நின்ற நேரத்தை எப்படிச் சொல்ல. கும்பிடாத சாமி இல்லை. வெளியே வெயில் தாழ்ந்து, காக்கைகள் அடைந்தன. பியூலா வந்து, நிறைய வெட்ட வேண்டியிருந்தது, ஆனால் பிழைத்துக்கொள்வார்கள், இனி புண் சுத்தமாக இருந்தால் போதும், ஒரு தூசி படக்கூடாது என்றாள். அவன் அவள் காலில் விழப் போனான். அவள் பதறிப்போய்த் தடுத்துவிட்டு, அடுத்த இருவரைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலையில் சுடர்மதி கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள். முப்புடாதி கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். சுடர்மதியின் வயிற்றில் புதுக் காப்புத்தோல் ஒட்டியிருந்தது. அடியில் தைக்காமல் விட்ட புண், திறந்தபடி. அதன் ஓரத்தில் இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. அது இருக்கத்தான் செய்யும் என்று பியூலா முன்பே சொல்லியிருந்தாள். அவள் விடியும்வரை நின்று களைத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

காலை வேலைக்கு வந்த நர்ஸ் பார்வைக்கோலை ஓட்டினாள். விளிம்பு சிவந்தது. இசக்கிராஜா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். சுவர்த்திரையில் செவிலியின் எழுத்து வரிவரியாக ஓடியது.

புதிய பாடம். நேற்று ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான அழுகல் புண்கள் சில நிமிடங்களில் முழுமையாக ஆறின. முறை: கருப்பின்மேல் தேங்காயெண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்தல். வெற்றி பெறாதவை மூன்று மட்டும். அவற்றில் போதிய அழுத்தம் தரப்படவில்லை. கருப்பு சவ்வுக்கு அடியில் இருந்தால் சவ்வை நீக்கிவிட்டுத் துடைக்கவும். எல்லா மகப்பேறு மனைகளுக்கும் அனுப்பப்பட்டது. அவசரப் பாடத்தின் தொடர்ச்சி; தந்தவர்: இசக்கிராஜா, மேலக்கரைப் பகுப்புக்கூடம்.

அவன் இரண்டு தடவை படித்தான். அவசரப் பாடம் அனுப்பக் கைப்பேசியை எடுத்தான். என்ன சொல்வது? கருப்பு நல்லது என்றால் முந்தின நிலைமை. கருப்பு கெட்டது என்றால் நேற்றைய நிலைமை. எண்ணெய் தொடாதே என்றால் அதை வைத்து நாளைக்கு அவள் என்ன கற்றுக்கொள்வாளோ. விரல் திரைக்கு மேலேயே நின்றது.

நர்ஸ் போய் ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் ஒரு கை பஞ்சுமாகத் திரும்பி வந்தாள். நல்ல பெண். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள் என்று முகத்திலேயே தெரிந்தது. காப்புத்தோலின் ஓரத்தை நகத்தால் நெம்பக் குனிந்தாள். இசக்கிராஜா கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

அவள் கோபப்படவில்லை. திரையில் பாடத்துக்குக் கீழே இருந்த பெயரை ஒரு முறை பார்த்துவிட்டு, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க, அண்ணாச்சி. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"